எங்கே கூட்டுவது? சிந்தசைசர் பிளக்-இன்னில் மோனோவும் பாலியும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜூஸ் (JUCE) என்ற ஒலி நிரல் கட்டமைப்பில் ஒரு சிந்தசைசர் பிளக்-இன், அதாவது இசைப்பதிவு மென்பொருளுக்குள் ஓடும் மின்னணு இசைக்கருவி, எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அலையை உருவாக்கும் இரண்டு ஆசிலேட்டர், உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்ட்டர், ஒலியை முறுக்கும் ஒரு டிஸ்டார்ஷன், பிற அளவுகளை மெதுவாக ஆட்டும் ஒரு எல்எஃப்ஓ, கடைசியில் எதிரொலி தரும் டிலே. 16 வாய்ஸும் (ஒரு சுரத்தை ஒலிக்கும் முழுப் பிரதி ஒரு வாய்ஸ்) 7 யூனிசனும் (ஒரே சுரத்தைச் சற்றே விலக்கி ஒலிக்கும் ஆசிலேட்டர் பிரதிகள்) வைத்ததும் கணினி திணறுகிறது. ஆசிலேட்டரை மட்டும் வாய்ஸுக்கு வாய்ஸ் விட்டுவிட்டு, மீதி அனைத்தையும் கூட்டிய ஒலியின் மேல் ஒரே பிரதியாக ஓட்டலாமா என்பது முதல் கேள்வி. பேஸ் வாசிக்க ஒரு மோனோ முறை வேண்டும், அதற்கு வாய்ஸ் எண்ணிக்கையை 1 ஆக்கினால் போதுமா என்பது இரண்டாவது.

முதலாவதற்கு என் பதில்: டிலேயைத் தாராளமாக நகர்த்துங்கள், டிஸ்டார்ஷனை யோசித்து நகர்த்துங்கள், ஃபில்ட்டரைத் தொடாதீர்கள். இரண்டாவதற்கு: போதாது. (இங்கே மோனோ என்பது ஒரு நேரத்தில் ஒரு சுரம், பாலி என்பது பல சுரம் என்ற பொருளில். ஸ்டீரியோவுக்கு எதிரான மோனோவை இதில் கலக்க வேண்டாம்.)

முழுக் கருவியையும் பார்த்து "மோனோவா, பாலியா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பாலி சிந்தசைசரிலும் வாய்ஸ்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி ஒரே ஒலியாகின்றன. அந்தக் கூட்டுப்புள்ளிக்கு முன்னால் இருப்பவை வாய்ஸ் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகும். பின்னால் இருப்பவை ஒரே முறை ஓடும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எடுக்க முடியும்.

கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் பகுதியின் கட்டுப்பாடு சுரத்துக்குச் சுரம் மாறுகிறதா? இது நேர்கோட்டுத் தன்மை கொண்டதா, அதாவது இரண்டு ஒலிகளைத் தனித்தனியே அனுப்பிப் பிறகு கூட்டினாலும், முதலில் கூட்டிவிட்டு அனுப்பினாலும் ஒரே விடைதான் வருமா? கட்டுப்பாடு பொது, தன்மையும் நேர்கோடு என்றால் அதை வாய்ஸுக்கு ஒன்றாக வைப்பது வீண் செலவு. காதால் கண்டுபிடிக்க முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. தசமப் பிழைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு விடையும் ஒரே எண்கள்தான். டிலே, ரிவர்ப் (அறை முழக்கம்), ஈக்யூ (அதிர்வெண் சமன்) எல்லாம் இந்த வகை. பொதுவான ஓர் எல்எஃப்ஓ ஆட்டும் கோரஸும் இதிலேயே சேரும், ஏனென்றால் ஆட்டம் எல்லாச் சுரத்துக்கும் ஒன்று.

டிலேயை வாய்ஸுக்குள் வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. விரலை எடுத்து என்வலப் (சுரத்தின் எழுச்சியையும் தணிவையும் வரையறுக்கும் வளைவு) முடிந்த பிறகும் எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை அந்த வாய்ஸை விடுவிக்க முடியாது. மூன்று விநாடி எதிரொலி என்றால், கொஞ்சம் வேகமாக வாசிக்கும் எவரும் 16 வாய்ஸையும் தின்று தீர்த்துவிடுவார். விதிவிலக்கு ஒன்றே: டிலேயின் நீளமே சுரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் கம்பி ஒலி போன்றவை. அங்கே டிலேதான் ஆசிலேட்டர். அது வாய்ஸுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

பழைய கருவிகளில் இந்தக் கணக்கை வன்பொருளிலேயே போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பிரதிக்கும் பணம் செலவு. ரோலண்டின் ஜூனோ-106 (1984) ஆறு வாய்ஸ் கருவி. ஒவ்வொரு வாய்ஸுக்கும் தனி ஆசிலேட்டர், தனி லோ-பாஸ் ஃபில்ட்டர், தனி என்வலப் உண்டு. எல்எஃப்ஓ மட்டும் ஆறுக்கும் ஒன்று. முகப்புப் பலகையில் ஹை-பாஸ் ஃபில்ட்டர், ஆசிலேட்டருக்கும் லோ-பாஸுக்கும் நடுவே வரைந்திருக்கும். உள்ளே அப்படி இல்லை. ஆறு வாய்ஸும் கூடிய பிறகுதான் அது வருகிறது, ஒரே ஒரு சுற்றாக. அதற்கு இருப்பது நான்கு நிலைகள் கொண்ட ஒரு நெம்புகோல்; என்வலப்பும் இல்லை, சுரத்தைப் பின்தொடர்வதும் இல்லை. நான் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டால் அது பின்னால் போகத் தகுந்தது என்று தெரியும். பலகை ஒன்றைக் காட்ட, சுற்று வேறொன்றைச் செய்ய, வாசிப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இப்போது உங்கள் ஃபில்ட்டர். அதற்கென்று ஒரு என்வலப் வைத்திருக்கிறீர்கள், விசையை அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப அது திறக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்வியிலேயே தோற்றுவிட்டது. அதை மீறிப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு கருவி இருக்கிறது. கோர்க் பாலி-800 (1983) எட்டுச் சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும், ஆனால் ஃபில்ட்டர் எட்டுக்கும் சேர்த்து ஒன்றே. இந்த அமைப்புக்குப் பாராஃபோனிக் என்று பெயர். மூன்று சுரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்காவதை வாசித்துப் பாருங்கள். ஃபில்ட்டர் என்வலப் மறுபடி தொடங்கினால், அமைதியாக ஒலித்துக்கொண்டிருந்த மூன்றும் சேர்ந்து "வா" என்று வாய் திறக்கும். தொடங்காமல் விட்டால், நான்காவது சுரம் தாக்குதலே (தொடக்க எழுச்சியே) இல்லாமல் மொண்ணையாக வந்து சேரும். இரண்டில் எது வேண்டும் என்று பாலி-800 ஒரு தேர்வு தந்தது. மூன்றாவது வழி அதற்கு இல்லை. அந்த ஒலிக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள், நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது விரும்பிச் செய்ய வேண்டிய தேர்வு. கணினி திணறுகிறது என்பதற்காகப் பாராஃபோனிக் ஆவது நல்ல காரணம் அல்ல.

திணறலுக்கும் ஃபில்ட்டர் காரணம் அல்ல என்றே நினைக்கிறேன். 16 வாய்ஸ், வாய்ஸுக்கு இரண்டு ஆசிலேட்டர், ஒவ்வொன்றுக்கும் 7 யூனிசன்: 224 ஆசிலேட்டர்கள் ஓடுகின்றன. ஃபில்ட்டர் ஓடுவது 16. நீங்கள் முன்வைக்கும் திட்டம் அந்த 224-ஐத் தொடாமல் 16-ஐ 1 ஆக்குகிறது. 48,000 ஹெர்ட்ஸில் 64 மாதிரிகள் (ஒலியின் அளவுப் புள்ளிகள்) கொண்ட ஒரு தொகுப்புக்கு உங்களுக்குக் கிடைப்பது 1.33 மில்லி விநாடி. அந்த நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். ஃபில்ட்டரின் கெழுக்களை (எப்படி வடிகட்டுவது என்று சொல்லும் பெருக்கெண்களை) ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாகக் கணக்கிடுகிறீர்களா? 16 மாதிரிக்கு ஒரு முறை கணக்கிட்டு, இடையில் நிரவிக்கொண்டால் பெரும்பாலான ஒலிகளுக்குப் போதும். முடிந்துபோன வாய்ஸ் உண்மையிலேயே ஓய்கிறதா? ஜூஸில் என்வலப் முடிந்ததும் நீங்களேதான் வாய்ஸுக்குள்ளிருந்து அதன் சுரத்தை அழிக்கும் செயற்கூற்றை அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அந்த வாய்ஸ் மௌனமாக, முழுச் செலவோடு ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக எழுதுகிறவர்களின் நிரலில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. இன்றைய செயலிகள் ஒரே கட்டளையில் நான்கு எண்களைப் பெருக்கும், சில எட்டை. ஒரு ஃபில்ட்டருக்குள் இந்த வசதியை நேரத்தின் வழியே பயன்படுத்துவது கடினம், ஏனென்றால் அடுத்த மாதிரிக்கு முந்தைய மாதிரியின் விடை வேண்டும். ஆனால் நான்கு வாய்ஸ்களின் ஃபில்ட்டர்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை. நான்கையும் அருகருகே வைத்து ஒரே கட்டளையில் ஓட்டலாம். விசிவி ராக் என்ற மாடுலர் சிந்தசைசர் மென்பொருள் தன் 1.0 பதிப்பில் (2019) பதினாறு தடங்கள் கொண்ட பாலி கேபிள்களைக் கொண்டுவந்தபோது, அதன் மாட்யூல்கள் இந்த வழியில்தான் நான்கு நான்காகக் கணக்கிட்டன. இப்படி எழுதினால் நான்கு ஃபில்ட்டர்களின் செலவு ஏறத்தாழ ஒரு ஃபில்ட்டரின் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மோனோ ஆக்கி மிச்சம் பிடிப்பதாக நினைப்பதில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது, ஒலியைத் தொடாமல்.

டிஸ்டார்ஷன்தான் சுவாரசியமான இடம். அதன் கட்டுப்பாடு எல்லாச் சுரத்துக்கும் பொது, ஆனால் நேர்கோட்டுத் தன்மை இல்லை. கூட்டுப்புள்ளியை அதற்கு முன்னால் வைத்தால் ஓர் ஒலி, பின்னால் வைத்தால் முற்றிலும் வேறு ஒலி. எண்களோடு பார்ப்போம். 220 ஹெர்ட்ஸில் ஒரு ஏ, 277.18 ஹெர்ட்ஸில் ஒரு சி ஷார்ப். நம் கணக்கில் ஷட்ஜமும் அந்தர காந்தாரமும். இரண்டையும் கூட்டிவிட்டு, மேலும் கீழும் ஒரே மாதிரி வளையும் ஒலியின் உச்சிகளை அமுக்கும் ஒரு சாச்சுரேஷன் வளைவுக்குள் அனுப்பினால், மூலத்தில் இல்லாத அலைகள் பிறக்கும். அவற்றில் முக்கியமான இரண்டு: ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வருபவை, 162.82 ஹெர்ட்ஸும் 334.36 ஹெர்ட்ஸும். இரண்டும் பஞ்சமத்துக்குப் பக்கத்தில் விழுகின்றன, ஆனால் பஞ்சமத்தில் இல்லை. கீழே உள்ளது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி நிற்கிறது. மேலே உள்ளது நான்கில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. கேட்கும்போது கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அழுக்காகிவிட்டதாகத் தோன்றும். அதே சோதனையை 220, 330 என்ற ஷட்ஜ பஞ்சம ஜோடியில் செய்தால் 110-உம் 440-உம் வரும், இரண்டும் அதே ஷட்ஜம். ராக் கிட்டார்காரர்கள் டிஸ்டார்ஷனைத் திறந்துவிட்டதும் காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் அடிப்பதன் காரணம் இந்தக் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

வாய்ஸுக்குள் வைத்தாலோ ஒவ்வொரு சுரமும் தனியே முறுக்கேறும். கார்டு எவ்வளவு சிக்கலானாலும் சுரங்கள் ஒன்றையொன்று கடிக்காது. இதில் எது சரி என்று கேட்காதீர்கள். முந்தையது ஆம்ப்ளிஃபையரின் குணம், பிந்தையது வாய்ஸின் குணம். என் கருவி என்றால் ஃபில்ட்டருக்குப் பக்கத்தில் வாய்ஸுக்குள் ஒரு மென்மையான டிரைவும், கூட்டுப்புள்ளிக்குப் பின்னால் எஃபெக்ட் வரிசையில் ஒரு முரட்டு டிஸ்டார்ஷனும் வைப்பேன். முரட்டு டிஸ்டார்ஷனுக்கு நான்கு மடங்கு மாதிரிவேகத்தில் ஓட வேண்டிய தேவை இருக்கும். அதை 16 முறை செய்வதைவிட ஒரு முறை செய்வது நல்லது. செலவும் இசையும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம், இங்கே சாய்கிறது. ஒரு எச்சரிக்கை: கூட்டிய பிறகு வரும் டிஸ்டார்ஷனுக்குள் எத்தனை சுரம் போகிறது என்பதைப் பொறுத்து முறுக்கின் அளவு மாறும். தொடர்பற்ற அலைகள் என்றால் வாய்ஸ் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் மட்டம் சுமார் 3 டெசிபல் ஏறும். அதைச் சரிக்கட்டுவதாக எண்ணி, ஒலிக்கும் வாய்ஸ்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடாதீர்கள். புதுச் சுரம் ஒன்று வரும்போதெல்லாம் பழைய சுரங்கள் சட்டென்று தாழும், கேட்கச் சகிக்காது. நிலையான ஓர் அளவால் குறைத்துவிட்டு, மீதியை டிஸ்டார்ஷனிடமே விடுங்கள்.

எல்எஃப்ஓவில் செலவு ஒரு பொருட்டே அல்ல. 16 எல்எஃப்ஓவை எந்தக் கணினியும் கவனிக்கக்கூட மாட்டாது. முழுக்க இசைத் தேர்வு. பொது எல்எஃப்ஓ என்றால் கார்டு முழுவதும் ஒரே மூச்சில் அசையும். வாய்ஸுக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு சுரமும் அழுத்திய கணத்திலிருந்து தன் போக்கில் ஆடும். வயலின் குழுவைப் போல் விரிந்து கேட்கும். சீக்வென்ஷியலின் புராஃபெட்-5 (1978) இரண்டையும் ஒரே கருவியில் வைத்திருந்தது. எல்எஃப்ஓ ஐந்து வாய்ஸுக்கும் பொது, மாடுலேஷன் சக்கரம் அதன் அளவைக் கூட்டும். ஃபில்ட்டர் என்வலப்பும் இரண்டாம் ஆசிலேட்டரும் பிறவற்றை ஆட்டும் பகுதி மட்டும் வாய்ஸுக்கு வாய்ஸ் தனி. அதன் பெயரே பாலி-மாட். இன்று சர்ஜ் என்ற திறமூல சிந்தசைசர் இதைப் பலகையிலேயே பிரித்து வைத்திருக்கிறது: ஒரு காட்சிக்கு (scene, தனி அமைப்புகள் கொண்ட ஒலி அடுக்கு) ஆறு வாய்ஸ் எல்எஃப்ஓ, ஆறு காட்சி எல்எஃப்ஓ. உங்களிடம் ஒரே எல்எஃப்ஓ இருப்பதால் ஒரு பொத்தான் போதும்.

எல்எஃப்ஓவை வாய்ஸுக்குள் கொண்டுபோனதும் ஒரு புதுச் சிக்கல் பிறக்கும், பெரும்பாலானவர்கள் அதை யோசிப்பதே இல்லை. மோனோ சமிக்ஞை பாலி பகுதிக்குள் போவது எளிது. ஒரே மதிப்பை எல்லா வாய்ஸுக்கும் கொடுத்தால் முடிந்தது. எதிர்த்திசை அப்படி அல்ல. பயனர் வாய்ஸ் எல்எஃப்ஓவை இழுத்துக்கொண்டுபோய் டிலேயின் அளவில் இணைக்கிறார். டிலே ஒன்று, எல்எஃப்ஓ பதினாறு. எந்த மதிப்பைக் கேட்பது? ஒலிக்கு இந்தக் கேள்வி எழாது, கூட்டினால் சரி. கட்டுப்பாட்டு மதிப்புகளைக் கூட்டினால் ஐந்து விரல் கார்டில் டிலே உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சராசரி எடுத்தால் ஆட்டங்கள் ஒன்றையொன்று அழித்துச் செத்துப்போகும். சர்ஜ் இந்த இணைப்பையே அனுமதிப்பதில்லை. கறாரான முடிவு, ஆனால் நேர்மையானது. அனுமதிப்பதானால் கடைசியாக அழுத்திய சுரத்தின் மதிப்பை எடுங்கள், அதுவே வாசிப்பவரின் கைக்குப் பொருந்தும். அந்தச் சுரம் முடிந்ததும் மதிப்பு வேறொரு வாய்ஸுக்குத் தாவும். அந்தத் தாவலைச் சில மில்லி விநாடிகளில் வழவழப்பாக்காவிட்டால் "டிக்" என்று கேட்கும். ரியாக்டர் என்ற, பகுதிகளைக் கம்பியால் இணைத்துக் கருவி கட்டும் மென்பொருளில் பாலி கம்பியை மோனோ உள்ளீட்டில் நேரடியாகச் செருக முடியாது, நடுவே வாய்ஸ்களை ஒன்றுசேர்க்கும் மாட்யூல் வைத்தாக வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் எல்லை எங்கே என்று அது உங்களை ஒவ்வொரு முறையும் சொல்ல வைக்கிறது. உங்கள் நிரலிலும் இரண்டு சமிக்ஞைகளுக்கும் வெவ்வேறு தரவு வகை கொடுத்துவிடுங்கள். தவறான இணைப்பைக் கம்பைலரே பிடித்துவிடும்.

இனி மோனோ முறை. வாய்ஸ் எண்ணிக்கையை 1 ஆக்கிவிட்டு இதைச் செய்து பாருங்கள்: சி-யை அழுத்திப் பிடியுங்கள், பிடித்தபடியே ஈ-யை அழுத்துங்கள், இப்போது ஈ-யிலிருந்து மட்டும் விரலை எடுங்கள். ஒலி நின்றுவிடும். சி இன்னும் விரலடியில் இருக்கிறது, ஆனால் ஈ அதன் வாய்ஸைத் திருடிக்கொண்டு போய், தானும் முடிந்துவிட்டது. உண்மையான மோனோ கருவியில் ஒலி சி-க்குத் திரும்பும். பேஸ் வாசிப்பவர்கள் ஒரு விரலை ஊன்றி இன்னொன்றால் தட்டித் தட்டி வாசிப்பதெல்லாம் இதை நம்பித்தான். ஆகவே மோனோ முறைக்குத் தேவையானது, அழுத்தப்பட்டிருக்கும் விசைகளை வரிசையாக நினைவில் வைக்கும் ஒரு பட்டியல். விசை விடுபட்டதும் பட்டியலைப் பார்த்து அடுத்து யார் என்று தீர்மானிக்க வேண்டும். மினிமூக் (1970) எப்போதும் மிகத் தாழ்ந்த சுரத்துக்கே முன்னுரிமை கொடுத்தது. இன்று பெரும்பாலோர் எதிர்பார்ப்பது கடைசிச் சுரத்துக்கான முன்னுரிமை. இரண்டையும் தேர்வாக வையுங்கள், சில வரி நிரல்தான்.

அடுத்தது என்வலப். மினிமூக்கில் எல்லா விசைகளையும் விட்டுவிட்டு அழுத்தினால்தான் என்வலப் மறுபடி தொடங்கும். விரல்களை இணைத்து வாசித்தால் சுரம் மட்டும் மாறும், தாக்குதல் வராது. லெகாட்டோ என்று நாம் சொல்வது இதுதான். லெகாட்டோவில் ஆசிலேட்டரின் ஃபேஸை (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடத்தை) பூஜ்யத்துக்குத் திருப்பாதீர்கள். மறுபடி தொடங்கும் முறையில், என்வலப்பைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் அப்போதிருக்கும் மதிப்பிலிருந்து ஏற்றுங்கள். இந்த இரண்டையும் கவனிக்காத மோனோ முறை ஒவ்வொரு சுரத்திலும் சொடுக்கும்.

பாலி முறையிலும் அதே சொடுக்கு வேறு வழியில் வரும். வாய்ஸ் தீர்ந்துபோய் ஒன்றைத் திருட வேண்டி வந்தால், ஜூஸின் இயல்பான ஏற்பாடு பழைய சுரத்தை வால் இல்லாமல் உடனே நிறுத்தச் சொல்லும். யாரைத் திருடுவது என்பதில் அது புத்திசாலிதான்; அழுத்திப் பிடித்திருக்கும் சுரங்களில் மிகத் தாழ்ந்ததையும் மிக உயர்ந்ததையும் காப்பாற்றப் பார்க்கும். வெட்டின் ஓசையை மறைப்பது உங்கள் வேலை. ஓரிரண்டு வாய்ஸ்களை உபரியாக வைத்துக்கொண்டு, திருடப்பட்டதை 3 அல்லது 5 மில்லி விநாடியில் தணித்துவிடுங்கள்.

சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மிடி 1.0-இல் (கருவிகள் சுரச் செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) பிட்ச் பெண்ட் என்பது ஒரு சேனல் முழுவதற்கும் உரியது. கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஷட்ஜத்தைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு அதே சேனலில் காந்தாரத்துக்குக் கமகம் கொடுத்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். அதனால்தான் சுருதியை வேறு சேனலிலோ வேறு பெட்டியிலோ வைக்கிறார்கள். 2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ (MPE) என்ற மிடி நீட்சி, சுரத்துக்கு ஒரு சேனல் கொடுத்து இதைத் தீர்த்தது. 2022-இல் வந்த கிளாப் (CLAP) என்ற பிளக்-இன் வடிவம் பிளக்-இன்னின் அளவுருக்களையே சுரத்துக்குச் சுரம் ஆட்ட வழி செய்கிறது. இவற்றை இன்றைக்கே ஆதரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிட்ச் பெண்ட், அழுத்தம், கட்-ஆஃப் (ஃபில்ட்டர் வெட்டும் அதிர்வெண்) மூன்றையும் வாய்ஸுக்குள்ளேயே இரண்டு மதிப்புகளின் கூட்டலாக எழுதிவிடுங்கள்: பொது மதிப்பு ஒன்று, இந்தச் சுரத்துக்கான விலகல் ஒன்று. இப்போதைக்கு விலகல் எப்போதும் பூஜ்யம். பிறகு எம்பிஇ வரும்போது அந்தப் பூஜ்யத்தை நிரப்பினால் போதும்.

எந்தப் பகுதி கூட்டுப்புள்ளிக்கு எந்தப் பக்கம் என்பதை வெளியீட்டுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பயனர்கள் சேமித்த ப்ரீசெட்டுகளின் ஒலி அதில்தான் அடங்கியிருக்கிறது. அடுத்த பதிப்பில் டிஸ்டார்ஷனை நகர்த்தினால் ஒருவர் ஏற்கெனவே முடித்துக் கொடுத்த பாடலின் கார்டுகள் மாறிப்போகும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், சேமிக்கும் கோப்பில் பதிப்பு எண்ணை எழுதி, பழைய எண் வந்தால் பழைய வரிசையிலேயே ஓட்டுங்கள். அந்தப் பதிப்பு எண்ணை முதல் வெளியீட்டிலிருந்தே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.